முப்பத்தேழு புகாரும் ஒரு நன்றியும்

பாகூர் கடைத்தெருவில் பம்பு செட் உதிரி சாமான் விற்கிற சிவப்பிரகாசம் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மனு சிவப்பிரகாசம் என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் கடை வாசலில் விட்டுவிட்டு உடனே நழுவிவிடுவார்கள். அந்த அடைமொழியை ஊர் எனக்கு மரியாதையாகக் கொடுத்தது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சவரம் செய்துகொள்ளப் போன இடத்தில், முகம் முழுக்க நுரை இருந்ததால் அடையாளம் தெரியாமல் இரண்டு பேர் என்னைப் பற்றியே பேசினார்கள். "அந்தாளு கடைப்பக்கம் மட்டும் போவாத. ஒரு வாஷர் வாங்கப் போனா ஒன்றரை மணி நேரம் மனு படிச்சிக் காட்டுவான்" என்றான் ஒருவன். நான் நுரைக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

வயது ஐம்பத்தெட்டு. கடை அப்பா வைத்தது. புஷ், வாஷர், ஃபுட் வால்வு, ஓஸ் பைப், கிளாம்ப். மோட்டார் ஓடவில்லை என்று பதறிக்கொண்டு வருகிற விவசாயி வாயைத் திறப்பதற்குள் வேண்டிய சாமானை எடுத்து வைத்துவிடுவேன். அந்தத் திறமை அப்பாவிடமிருந்து வந்தது. என் சொந்தத் திறமை என்று ஒன்று உண்டென்றால் அது அரசாங்கத்தைத் திட்டுவது. நேரில் இல்லை. நேரில் ஒரு ஜூனியர் இன்ஜினியர் கடைக்குள் நுழைந்தால், நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, நானே ஓடிப்போய் சோடா வாங்கி வருகிற ஆள் நான். என் வீரமெல்லாம் கைபேசியில்.

எட்டு வருடத்துக்கு முன் 'பாகூர் மேற்கு பொதுநலன்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். இருநூற்றுப் பதினான்கு பேர் அதில் இருக்கிறார்கள். தினமும் காலை காப்பி குடித்ததும் ஒரு பதிவு போடுவேன். "கும்பகர்ண அதிகாரிகளே, எப்போது கண் விழிப்பீர்கள்?" என்று தொடங்கும். முடிவில் மூன்று ஆச்சரியக்குறி. அதையே குறைதீர்க்கும் இணையதளத்திலும் ஏற்றிவிடுவேன். குழுவில் நான்கு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அதில் ஒருவர் மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பர் நாகராஜன். அவர் சாவுச் செய்திக்கும் கட்டைவிரல் காட்டுகிறவர் என்பதால் அந்தக் கணக்கைத் தள்ளிவிடலாம்.

என் பதிவுகளில் அதிகம் அடிபட்டது ஒரு சிறுபாலம். ஊருக்கு மேற்கே ஏரிக்குப் போகிற வாய்க்காலின் குறுக்கே, வயல்களுக்குப் போகிற வழியில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கரும்பு லாரி ஏறி நடு ஸ்லாப் உடைந்து வாய்க்காலுக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆள் நடக்கலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். நெல் அறுக்கிற மெஷின் போக முடியாது. வேறு வழியும் இல்லை, அந்தப் பக்கம் முழுக்க மனை போட்டு மதில் எழுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் இந்தப் பாலத்துக்குப் பொறுப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தக் கதையைக் கேட்டு முடித்தபின் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அமிர்தம் மூன்று காணி குத்தகைக்குப் பயிர் வைக்கிறாள். புருஷன் போனபின் ஒற்றை ஆளாகத்தான் செய்கிறாள். ஓஸ் பைப் வாங்க என் கடைக்கு வருகிறவள். போன வருடம் மெஷின் உள்ளே போக முடியாமல், கையறுப்புக்கு ஆள் தேடி, ஆட்களெல்லாம் சேதராப்பட்டு கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் கிடைக்காமல், பதினோரு நாள் தாமதமாக அறுத்தாள். அதற்குள் மழை பிடித்துப் பாதி நெல் கறுத்துவிட்டது. நிலக்காரர் மூலக்குளத்தில் இருக்கிறார். "இந்த ஒரு போகம் பாக்கறேன். இதுவும் இப்படிப் போச்சுன்னா நெலத்த வுட்டுடும்மா, மனை போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, தை மாதத்துக்குள் பாலம் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் அமிர்தத்துக்கு நிலம் இல்லை.

"அண்ணே, எனக்கு எழுத வராது. நீதான் எழுதறவரு" என்று வந்து நின்றாள். எழுதத் தெரிந்தவன் என்று ஒருத்தி வாயால் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தைக்குள் பாலம் என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். பாலத்துக்கு மட்டும் முப்பத்தேழு புகார் எழுதினேன். முப்பத்தேழாவதில் அதிகாரிகளை எருமையோடு ஒப்பிட்டிருந்தேன். பிறகு எருமை வளர்க்கிறவர்கள் குழுவில் கோபித்துக்கொள்வார்களே என்று அவர்களிடம் மன்னிப்பும் கேட்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் கார்த்திகை மாதம் ஒரு காலையில் அந்தச் செய்தி வந்தது. அரசாங்கம் பல வருடமாக, யாருக்கும் சொல்லாமல், ஜனங்கள் கைபேசியில் எழுதுவதையும் பேசுவதையும் மொத்தமாக அள்ளிச் சேர்த்துப் படித்துவருகிறதாம். யாரோ ஒருவர் கத்தை கத்தையாகக் காகிதங்களை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டாராம். அப்படி ஒன்றும் இல்லவே இல்லை என்றது அரசாங்கம். மறுநாள், இருந்தாலும் அது நாட்டின் நன்மைக்குத்தான் என்றது.

புதுச்சேரி டவுனில் மாணவர்கள் வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள் என்று படித்தேன். பாகூரில் அப்படியெல்லாம் இல்லை. இங்கே கைபேசியை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார்கள். போன் வந்தால் டிரம்முக்குள்ளிருந்து பாட்டுக் கேட்கும், அம்மாக்கள் அரிசியைத் துழாவுவார்கள். டீக்கடையில் அரசியல் பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றியும் நல்லவிதமாகவே பேசினார்கள். நாகராஜன் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு போன் பேச்சையும் முடிக்கும்போது, "சரிபா, வெச்சிடறேன். கேட்டுகினு இருக்கற ஐயாமாருக்கும் வணக்கம்" என்று சொல்ல ஆரம்பித்தார். கேட்கிறவர்களும் மனுஷர்கள்தானே, ஒரு மரியாதை வேண்டாமா என்றார்.

என் மனைவி விசாலாட்சிக்கு மட்டும் சந்தோஷம். "நல்லா கேக்கட்டுங்க. என் நாத்தனாரு இருவது வருசமா எனக்குப் பண்ணத எல்லாம் என் தங்கச்சிகிட்ட சொல்லிகினுதான இருக்கறேன்? கவர்மெண்டாவது ஒரு ஞாயம் சொல்லட்டும்" என்றாள். அந்த நாத்தனார் என் அக்கா. நான் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, மகிழ்ச்சி. எட்டு வருடம் எழுதியதை விசாலாட்சிகூட முழுதாகப் படித்ததில்லை. இப்போது டெல்லியில் தமிழ் தெரிந்த ஒருவர், இதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்! அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே "இந்த பாகூர்க்காரன் பொளந்து கட்றான்யா" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்வதுபோல நினைத்துப் பார்த்தேன். அரை நாள் கல்லாவில் உட்கார்ந்து புன்னகைத்தேன்.

மத்தியானம் ஒரு வெள்ளை ஜீப் கடை முன்னால் நின்றது. ஒட்ட முடி வெட்டிய, விறைப்பான ஆள் இறங்கினார். "சிவப்பிரகாசம் கடை இதுதானே?" என்றார். தலையை ஆட்டினேன். "ஒரு இஞ்ச் கிளாம்ப் நாலு குடுங்க" என்றார். ஏதோ ஒரு பண்ணையின் டிரைவர். நான் எட்டுக் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டுப் போனார். அந்த ஜீப்பில் என் மகிழ்ச்சியும் ஏறிப் போய்விட்டது.

அன்றைக்கே பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தேன். இரண்டு நாளைக்கு மேற்பட்டதை எல்லோரிடமிருந்தும் அழிக்க முடியாது என்று கைபேசி சொல்லிவிட்டது. என்னிடம் மட்டும் அழிக்கலாமாம். என்னிடம் அழித்து என்ன பிரயோஜனம், டெல்லிக்காரரிடம் இருக்கிறதே. ஒரு கும்பகர்ணனையும் திரும்ப வாங்க முடியவில்லை. எருமையும் அப்படியே நின்றது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். திட்டியதை அழிக்க முடியாவிட்டால், அதன்மேல் பாராட்டைக் கொட்டி மூடிவிட வேண்டியதுதான். எதைப் பற்றி அதிகம் திட்டியிருக்கிறேனோ அதைத்தான் அதிகம் பாராட்ட வேண்டும். அதாவது, பாலத்தை.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி கிராமங்களில் நன்றி பேனர் என்பது ஒரு காரியம் சாதிக்கும் முறை. தெருவுக்குக் குழாய் வேண்டுமா, 'குழாய் தந்த எங்கள் தங்கத்துக்கு நன்றி' என்று முதலில் பேனர் வைத்துவிடுவோம். குழாய் வந்திருக்காது. பேனரைப் பார்த்து வெட்கப்பட்டாவது கொண்டுவந்து போடுவார்கள் என்று நம்பிக்கை. பல தடவை நடந்தும் இருக்கிறது. அதனால் வேலை முடிவதற்கு முன்பே முடிந்ததாக எழுதுவதில் எங்களுக்குக் கூச்சம் கிடையாது. எனக்கும் அந்த யுக்திதான் தோன்றியது. என் தலையும் தப்பும், பாலமும் வரும். அடுத்த நாள் காலை காப்பிக்கு முன்பே குழுவில் போட்டேன்:

"பாகூர் மேற்கு வாய்க்கால் சிறுபாலத்தைச் செவ்வனே சீரமைத்து, விவசாயப் பெருங்குடி மக்களின் வயிற்றில் பால் வார்த்த அரசுக்கும், அல்லும் பகலும் அயராது உழைக்கும் அதிகாரிகளுக்கும் கோடானுகோடி நன்றி!!! இவண், சிவப்பிரகாசம் மற்றும் பொதுமக்கள்."

பொதுமக்களும் பயந்துதானே கிடந்தார்கள். ஒரு மணி நேரத்தில் நூற்று அறுபத்து மூன்று கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. என் எழுத்துக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வரவேற்பு. அதோடு நிற்கவில்லை, ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். எரியாத தெருவிளக்குக்கு ஒருவர் நன்றி சொன்னார். வராத கொசு மருந்து வண்டிக்கு இன்னொருவர். அதற்கும் நாகராஜன் கட்டைவிரல் காட்டினார்.

பேனருக்கும் கைபேசிக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று நான் யோசிக்கவில்லை. பேனர் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நன்றியைப் படிக்கிறவன் கண்ணில் உடைந்த பாலமும் படும். கைபேசியில் நன்றி மட்டும்தான் தெரியும்.

மார்கழிக் கடைசியில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தங்கள் மனுவின் மீதான குறை நிவர்த்தி செய்யப்பட்டது, மனு முடித்துவைக்கப்பட்டது என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி படித்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். ஸ்லாப் இருந்த இடத்திலேயே கிடந்தது. மேலே ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அமிர்தத்தின் நெல் பால் பிடித்துத் தலை சாய ஆரம்பித்திருந்தது.

மறுநாள் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கே உதவியாளராக இருக்கும் ராஜ்மோகனை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குழுவில் அவனும் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் நானே சேர்த்தவன். நான் எழுதுவது ஆபீசில் ஒருவர் கண்ணிலாவது படட்டும் என்று சேர்த்துவிட்டு, நானே மறந்துபோனேன். டெல்லியில் என்னைப் படிக்கிறவர் யார் என்று அத்தனை நாள் யோசித்தவனுக்கு, பக்கத்துத் தெருவில் படித்துக்கொண்டிருந்தவன் ஞாபகத்துக்கே வரவில்லை.

"வாங்க சார். நீங்க போட்ட நன்றிய எடுத்துதான் ஃபைல்ல வெச்சிருக்கறேன்" என்று காட்டினான். என் நன்றி, கீழே கும்பிட்ட கைகள், எல்லாம் வண்ணத்தில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தான். அதற்கு அடியில் என் முப்பத்தேழு புகாரும் தேதி வாரியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

"இதையெல்லாம் படிச்சீங்களா?" என்றேன்.

"படிக்காம இன்னா சார். இது தொல்ல தாங்கலன்னுதான் எஸ்டிமேட்டே போட்டோம். பைப்பு எறக்கி ஸ்லாப்பு போடறது ஒரு வாரத்து வேல. கையெழுத்துக்குப் போயிருந்துது. அதுக்குள்ள உங்க நன்றி வந்துடுச்சு. ஊர்க்காரங்களே மண்ணு கொட்டி சரி பண்ணிகினாங்க போலன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள நிலுவையக் கொறைக்கணும்னு வேற உத்தரவு. அந்த வேலைய வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

முப்பத்தேழு தடவை திட்டியது வீணாகவில்லை. மெதுவாக, அரசாங்க வேகத்தில், வேலை செய்திருக்கிறது. அதை நானே நன்றி சொல்லிக் கெடுத்திருக்கிறேன்.

ராஜ்மோகன் என் முகத்தைப் பார்த்தான். "ஏன் சார், ஒடஞ்சேதான் கெடக்குதா? அப்ப ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. நன்றி தப்பா போட்டதுன்னு. நானே இன்னிக்கு மேல வெக்கறேன். ஏன் தப்பா போட்டீங்கன்னு கேப்பாங்க, அதுக்கு மட்டும் ஒரு காரணம் எழுதிடுங்க."

காரணம். 'நீங்கள் என் கைபேசியை ரகசியமாகப் படிப்பதாகக் கேள்விப்பட்டுப் பயந்துபோய்ப் பொய் சொன்னேன்' என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணாந்து பார்த்தேன். மூலையில் ஒரு கேமரா இருந்தது. அது வேலை செய்கிறதா என்றுகூடத் தெரியாது, நூலாம்படை தொங்கியது. அதைப் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "யோசிச்சு எழுதித் தர்றேன் தம்பி. ரொம்ப நன்றி" என்றேன். நன்றி! அங்கேயும் அதைத்தான் சொன்னேன். அவன் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

யோசித்தேன். பத்தொன்பது நாள் யோசித்தேன். வாக்கியம் சரியாக வரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எட்டு வருடமாகக் காலையில் காப்பி குடித்த கையோடு எழுதி முடிக்கிறவனுக்கு வாக்கியம் வரவில்லையாம். இடையில் அமிர்தம் இரண்டு தடவை கடைக்கு வந்தாள்.

"அண்ணே, பாலம் இன்னாச்சு? நெல்லு முத்திகினு வருது. மெஷின்காரரு நாள் கேக்கறாரு."

நான் எழுந்துபோய் என் கைபேசியை வாஷர் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு வந்து, "நடந்துகினு இருக்குதும்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். "இன்னாண்ணே, எலி ஏதாவது புகுந்துடுச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்று அது ஒன்றாவது உண்மையாக இருந்திருக்கும்.

தை பதினாறு அன்று மெஷின் வந்தது. என் பேச்சை நம்பி, அதற்குள் ஸ்லாப் போட்டுவிடுவார்கள் என்று அவள் முன்கூட்டியே நாள் கொடுத்திருந்தாள். டிரைவர் வாய்க்கால் கரையில் இறங்கி, உடைந்த ஸ்லாப்பைப் பார்த்து, தலையில் கை வைத்து நின்றுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஊர் வேலைக்குப் போய்விட்டார். அன்று மாலை மேகம் கூடியது. இரண்டு நாள் விடாத மழை. தை மாதத்தில் அப்படி ஒரு மழையா என்று டீக்கடையில் பேசினார்கள். அந்த மழையைப் பற்றி யாரும் நல்லவிதமாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் கடையைத் திறக்கவில்லை. ஏன் என்று விசாலாட்சி கேட்டதற்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாத்தனார் பேச்சை எடுக்கவில்லை, கிண்டலும் செய்யவில்லை. "போயி அவகிட்ட சொல்லுங்க. மொதல்ல போங்க" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வயலில் நெல் பாய் விரித்ததுபோல் தரையோடு படுத்துக் கிடந்தது. தண்ணீருக்குள் கிடந்த கதிர்கள் முளைவிட ஆரம்பித்திருந்தன. அமிர்தமும் அவள் கூட்டிவந்த நான்கு பெண்களும் கணுக்கால் சேற்றில் நின்று, மேலாகக் கிடந்ததை மட்டும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளே நிலக்காரர் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாக, வரப்பில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த பெண் சொன்னாள். சித்திரைக்குள் நிலத்தை விடச் சொல்லிவிட்டாராம்.

வேட்டியை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். அமிர்தத்தின் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். செய்தியைப் படித்தது, பயந்தது, நன்றி எழுதியது, எஸ்டிமேட் போனது, பத்தொன்பது நாள். ஒன்றையும் விடவில்லை. நடுவில் சிரிப்பு வருகிற மாதிரி சொல்லப் பார்த்தேன், பழக்கதோஷம். அவள் சிரிக்கவில்லை. அறுப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"எல்லாரு போனையும் அவங்க பாக்கறாங்கன்னு பயந்துட்ட. சரி. அப்ப பாலம் ஒடிஞ்சி கெடக்கறது அவங்களுக்குத் தெரியும்தான? நீ சொன்ன நன்றி பொய்யின்னும் தெரியும்தான?"

எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை. எட்டு வருடம் எழுதியவனுக்குத் தோன்றவில்லை.

"அத்தினியும் பாக்கறவங்க, படுத்துக் கெடக்கற இந்த நெல்ல மட்டும் எப்படிண்ணே பாக்காம வுட்டாங்க?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பிடிக் கதிரை இழுத்து அறுத்தாள். நான் அழுதேன். அழுவதற்கு எனக்கு அங்கே என்ன உரிமை என்று நினைத்துக்கொண்டேதான் அழுதேன்.

அறுத்த பிடியை வைத்துவிட்டு, "எழுது" என்றாள்.

"இன்னாம்மா?"

"அந்தப் பையன் கேட்டான்ல லெட்டரு, அத எழுது. பாலம் ஒடிஞ்சிதான் கெடக்குதுன்னு எழுது. எம் பேரப் போட்டு எழுது. ஊரு குருப்புலயும் போடு."

"உன் பேரு வேணாம்மா. நாளைக்கு எவனாவது வந்து..."

"வந்து? இனிமே எங்கிட்ட எடுத்துகினு போறதுக்கு இன்னாண்ணே இருக்குது? அந்தாண்ட இன்னும் ஏழெட்டு பேரு பயிரு வெச்சிகினு இருக்கறாங்க. எழுது."

வரப்பில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தேன். விரலில் சேறு, திரை நகரவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுதினேன். பாலம் சீரமைக்கப்படவில்லை, முன்னர் தெரிவித்த நன்றி தவறானது, அமிர்தம் என்ற விவசாயியின் மூன்று காணி நெல் வீணாகிவிட்டது, உடனே பாலத்தைக் கட்டித் தர வேண்டும். கும்பகர்ணன் வரவில்லை, ஆச்சரியக்குறியும் வரவில்லை. கீழே அவள் பெயரையும் என் பெயரையும் போட்டேன்.

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். முந்தானையால் அரிவாளைத் துடைத்துக்கொண்டே, "படிச்சிக் காட்டு" என்றாள். படித்தேன். கடைசி வரை கேட்டாள்.

"நீ பயந்துட்டேன்னு போட்டியா?"

போடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டேன்.